பெட்டிக்குள் முகம் வைத்துப் பார்த்தவர்

நான் முதன்முதலாக அவரைப் பார்த்தபோது அவருடைய தலை தெரியவில்லை.

தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டைச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் தகரக் கூரை போட்ட மரப்பட்டறை. நடுவில் புதிதாகச் செய்த சின்ன அலமாரி ஒன்று மல்லாந்து கிடந்தது. ஒரு பெண் அதற்குள் தோள்வரை புகுந்து, மேலே பழைய புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டிருந்தார். அசைவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "என்னங்க ஆச்சு?" என்றேன். புடவைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, பொறுங்கள் என்பதுபோல் விரிந்தது. பொறுத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் தலை வந்தது. ஐம்பது வயதிருக்கும். கண்கள் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தன.

"இன்னும் பத்து நாள் காயணும்," என்று அலமாரியைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சார்."

தெருவே அவரைப் பட்டறை அக்கா என்றுதான் கூப்பிட்டது. எனக்கும் அக்காவாகவே ஆகிவிட்டார்.

நான் போனது ஒரு பெட்டிக்காக. என்ன பெட்டி, ஏன் அவரிடம் என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். என் தங்கை பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு மலைப்பாம்பு வளர்த்தாள். ஆட்டை விழுங்கும் வகையை நினைக்க வேண்டாம். இது ஆப்பிரிக்காவின் சிறிய வகை. மூன்றரை அடி நீளம், விஷம் கிடையாது. பயந்தால் உருண்டையாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் லட்டு என்று பெயர் வைத்திருந்தாள். நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றம். இது வெளிநாட்டு வகை என்பதால் அரசாங்கத்தில் பதிவு செய்து காகிதமெல்லாம் வைத்திருந்தாள். ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் பதிவை என் பெயருக்கு மாற்றி, லட்டுவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது விமான நிலையத்தில் அவள் அழுதது எனக்காகவா லட்டுவுக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

என் மனைவி வசந்தி வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். "வரப்புல பார்த்ததெல்லாம் போதாதா, வீட்டுக்குள்ள வேறயா?" என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். பூட்டு வைத்த பெட்டி வேண்டும். "அது வெளிய வந்த அன்னிக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

ஊரில் வீடுகளுக்கு அலமாரி, கப்போர்டு செய்து கொடுக்கும் ஒருவரிடம் சொன்னேன். இரண்டே நாளில் பளபளவென்று ஒரு பெட்டி வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே வழுவழுப்பான காகிதம். உள்ளே மூலை முடுக்கெல்லாம் கரையான் மருந்தும் அடித்துக் கொடுத்திருந்தார். அதைத் தன் சொந்த விருப்பத்தில் செய்த உபகாரமாகச் சொன்னார். "பாம்புக்கு ஏதாவது..." என்று இழுத்தேன். "ஒண்ணும் ஆகாது சார்," என்றார்.

மூன்றாம் நாள் லட்டு தலையைப் பின்னால் வளைத்துக் கூரையைப் பார்த்தபடி கிடந்தது. வாய் பாதி திறந்திருந்தது. திருப்பி வைத்தால் மறுபடியும் அதே மாதிரி முறுக்கிக்கொண்டது. தங்கை ஜெர்மனியிலிருந்து அலறினாள். பெங்களூரில் அவளுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் வீடியோவில் பார்த்துவிட்டு, "உடனே வெளிய எடுங்க. அந்தப் பெட்டிக்குள்ள என்ன அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மறுபடி அதுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க," என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பலகைப் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடின் வாய்பாட்டைப் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருபவன். பூச்சிமருந்து நரம்பை எப்படித் தாக்கும் என்று பாடம் நடத்துபவன். என் வீட்டுப் பெட்டி என்று வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. லட்டுவை ஈரத்துணியால் துடைத்து, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். பிழைத்தால் பிழைக்கும் என்றார் மருத்துவர். பிழைத்தால் இருக்க நல்ல இடம் வேண்டும். "பொறுமையான ஆளாப் பார்த்துச் செய்யச் சொல்லுங்க." உடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர்தான் பட்டறை அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்காவின் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். என்ன அளவு, என்ன கலர் என்று ஆரம்பிக்க மாட்டார்.

"உள்ள யாரு இருக்கப் போறா?"

சமையலறை அலமாரி என்றால் யார் உயரத்துக்கு, யார் கை நீட்டி எடுப்பார்கள் என்று கேட்பார். ஒருமுறை பூஜை அலமாரிக்கு வந்தவர், "உள்ள சாமிதான்," என்று சிரித்தார். "சாமி சரிங்க, விளக்கு எந்தப் பக்கம் எரியும்?" என்று சிரிக்காமல் கேட்டார் அக்கா.

பாம்பு என்று சொன்னால் விரட்டிவிடுவார் என்று பயந்து, "முயல்," என்றேன்.

தலையசைத்தார். பிறகு, "ஒண்ணு சொல்லிடறேன் சார்," என்றார். "எனக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனாவுல போச்சு, திரும்பி வரவே இல்ல. முன்னாடியெல்லாம் பலகைய மோந்து பார்த்தே நல்லது கெட்டது சொல்லிடுவேன். இப்ப கண்ண வச்சுத்தான் பாக்குறேன். கண்ணு எரிஞ்சா பசையோ பூச்சோ இன்னும் காயலன்னு அர்த்தம். ஆனா கண்ணு எரியாத வாசனையும் இருக்கு. அது எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சம்மதம்னா செய்யறேன்."

இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுவார். யாரும் கேட்காமலே சொல்லுவார். நான் இருக்கும்போதே ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, யோசித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வரவில்லை. "ஏங்க்கா இதையெல்லாம் சொல்றீங்க?" என்றேன். "அவங்க வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னாங்களே சார்," என்றார், அதுவே பதில் என்பதுபோல.

அது ஏன் பதில் என்று பிறகொரு நாள் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவரும் கணவரும் கேரளாவில் ஒரு ப்ளைவுட் மில்லுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதற்கு முன் அவர் வீட்டில் எல்லோருக்கும் நடவும் அறுப்பும்தான் தொழில். மில்லில் மரத் தாள்களுக்குப் பசை தடவும் வேலை. தங்குவதற்கு, கழித்துப்போட்ட பலகைகளை அடித்துக் கட்டிய அறை. அங்கேதான் மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்து இருமல். மருந்து கொடுத்தால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும்.

"ஒரு நாள் புள்ளைய வெளிய மரத்தடியில தூளி கட்டிப் போட்டிருந்தேன். பகல் முழுக்க இருமவே இல்ல. உள்ள கொண்டு போனதும் ஆரம்பிச்சிட்டா. அப்பத்தான் சுவத்துல மூக்க வச்சு மோந்தேன். மில்லுல பசைத் தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தா என்ன வாசமோ அதே வாசம், சார். எம்புள்ள அதுக்குள்ள படுத்திருந்திருக்கா. எனக்கு அந்த வாசம் பழகிப்போச்சு, அதனால தெரியல."

அன்றைக்கே கடப்பாரையால் நான்கு சுவரையும் பெயர்த்துப் போட்டு, தார்ப்பாய் கட்டியிருக்கிறார். மில்காரர் சத்தம் போட்டிருக்கிறார். மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாயிலேயே இருந்திருக்கிறார்கள். இருமல் நின்றுவிட்டது. அந்த மகள் இப்போது திருச்சியில் நர்ஸ்.

என் முயல் கதை ஒரு வாரம்தான் தாங்கியது. உள்ளே என்னென்ன வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். உடம்பு முழுக்க முங்கும்படி ஒரு தண்ணீர்ச் சட்டி. ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து, ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். விரல் நுழையாத கதவு. அக்கா தாளை இரண்டு முறை படித்தார்.

"இது என்ன முயல் சார்? பொந்து கேக்குது, புல்லு கேக்கல?"

உண்மையைச் சொல்லி, கைபேசியில் லட்டுவின் படத்தைக் காட்டினேன். சட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார், படத்தைத்தான் பார்த்தார் என்றாலும். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் கோபப்பட்டது பாம்புக்காக இல்லை.

"முயல் கடிச்சுத் தின்னும்னு உள்பக்கம் எதுவும் பூசாம வெறும் பலகையா விட்டிருக்கேன். பாம்பு கடிக்காது. தண்ணிய கவுக்கும், ஈரத்துல கெடக்கும். வெறும் பலகை ஊறி உப்பிப்போகும், பூஞ்சை புடிக்கும். நீங்க சொன்ன ஒரு பொய்யில செஞ்சது எல்லாமே தப்பு சார்."

அவரே உளியை எடுத்து, செய்து வைத்திருந்த பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாதி பிரித்தபின் நிமிர்ந்து, "அது படுக்கும்போது வயிறு முழுக்கத் தரையிலதான் இருக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா. நாக்காலயும் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கும்."

"நாம ஒரு எடத்துல காலு மட்டும் வைக்கிறோம். அது முழு உடம்பையும் வைக்குது." கொஞ்ச நேரம் கையிலிருந்த பலகையையே பார்த்தார். "அப்ப கைக்குழந்தை கணக்குதான்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை வேலை என்பதா, பரீட்சை என்பதா தெரியவில்லை. நான்கு வகைப் பலகையில் கையளவு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, வெயிலில் வைத்தார். சித்திரை வெயில். சாயங்காலம் டப்பாவைத் திறந்ததும் முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார். முதல் துண்டுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது நான் கொண்டுபோய்க் கொடுத்த பழைய பெட்டியிலிருந்து வெட்டியது. கடைசியில், வெளிப்புறத்துக்குப் பசை வாடை குறைவான ப்ளைவுட், உட்புறம் முழுக்க ஈரம் இறங்காத பி.வி.சி. பலகை, முன்னால் இழுத்துத் திறக்கும் கண்ணாடி என்று முடிவானது. காற்றுக்குக் கம்பி வலை அடிக்கலாம் என்றேன். "மூக்க வச்சு உரசுனா கம்பி கிழிச்சிடும்," என்று சொல்லிவிட்டு, சிறுசிறு துளைகளாகப் போட்டு, ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் உப்புத்தாள் சுருட்டித் தேய்த்தார். எண்பது துளையாவது இருக்கும். தேய்த்த துளையில் தன் உதட்டை வைத்துப் பார்த்தார். விரல் காய்த்துப்போயிருந்ததால் உதடுதான் சரியாகச் சொல்லும் என்றார்.

தரையில் விரிக்க உமி போதுமா என்று கேட்டேன். நம் பக்கத்தில் உமிக்கா பஞ்சம்? அவர் சின்ன வயதில் அரவை மில்லில் உமி அள்ளியவர். "அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா என்னன்னு எனக்குத் தெரியும்," என்றார். பட்டறையில் குவிந்து கிடந்த மரத்தூளைக் காட்டினேன். "அதுல எந்த மரம், எந்தப் பசைன்னு எனக்கே தெரியாது." பிறகு லோடு ஆட்டோ ஓட்டும் தன் கணவரிடம் சொல்லி, பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மூட்டை தேங்காய் மட்டைச் சில்லும் நார்த்தூளும் வரவழைத்தார். உரம் கலக்காதது என்று நான்கு முறை கேட்டு வாங்கினாராம். உப்பு போக மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்தார்.

பெட்டி முடிந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

மூட்டுகளில் இடுக்கை அடைக்கப் பூசிய சிலிக்கான் பசை காய வேண்டும், வெளியே அடித்த பூச்சு காய வேண்டும் என்றார். ஒரு வாரம் ஆயிற்று. லட்டுவின் தலை முறுக்கல் குறைந்திருந்தது, ஆனால் எதையும் தின்னவில்லை. பிளாஸ்டிக் டப்பா அந்த வெயிலில் கொதித்தது. நான் பள்ளி விட்டதும் தினமும் பட்டறைக்குப் போவேன். அக்கா புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெட்டிக்குள் போவார். வெளியே வந்து, "கண்ணு லேசா அரிக்குது சார். இன்னும் கொஞ்ச நாள்," என்பார். பத்தாவது நாள் அரிக்கவில்லை என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே, "ஆனா எனக்குத் தெரியாத வாசனை ஏதாவது இருக்கும். யாராவது மூக்கு நல்லா இருக்கறவங்க வந்து பார்க்கட்டும்," என்றார்.

அன்று காலை லட்டு மறுபடி வாயைத் திறந்து வைத்திருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பத்து நாளா இதையே சொல்றீங்க. உங்களுக்குத்தான் மூக்கே இல்லையே. நீங்க எத வச்சு ஆகும் ஆகாதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குனிந்தார். பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். "புடிங்க சார், வண்டில ஏத்திடலாம்." ஏற்றினோம். கயிறு கட்டியபோது முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

வீட்டில் பெட்டியை இறக்கியதும் வசந்தி வந்து பார்த்தாள். வேலைப்பாட்டைப் பாராட்டினாள். கண்ணாடிக் கதவை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன இது, ஊறுகாய் கெட்டுப்போன மாதிரி புளிச்ச வாடை?"

சிலிக்கான் காயும்போது வரும் அசிட்டிக் அமிலம். வெளியில் காய்ந்து, பலகைகளின் இடுக்கில் இன்னும் காயாமல் இருந்திருக்கிறது. எனக்கு அந்த வாடை வந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் பதினைந்து வருடம் இருந்து என் மூக்கும் மழுங்கிவிட்டது போலும். நான் பட்டறையில் என்ன பேசினேன் என்பதை வசந்தியிடம் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க," என்றாள்.

அக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், "வாங்க மேடம், நீங்க மோந்து பார்த்தீங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"புளிச்ச வாடை வருதுக்கா."

"எந்த மூலை?"

"பின்னாடி, இடது பக்கம்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அங்கதான் ரெண்டு தடவ பூசினேன்!" என்றார். நான் நடுவில் புகுந்து, "அக்கா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றேன்.

"நீங்க சொன்னது உள்ளதுதானே சார்," என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

பெட்டி திரும்பப் பட்டறைக்குப் போயிற்று. அன்றிலிருந்து எட்டு நாள், தினமும் சாயங்காலம் வசந்தி போனாள். பாம்பு என்றாலே கூசுகிற என் மனைவி, பாம்புப் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "நேத்திக்கு இப்ப பாதிதான்," என்று சொல்வாள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு, மின்விசிறியை அந்த மூலைக்குத் திருப்பி வைப்பார். இரண்டு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டபடியே வலங்கைமான் பக்கத்துக் கதைகளெல்லாம் பேசினார்கள். வசந்தி பிறந்த ஊருக்கு இரண்டு ஊர் தள்ளித்தான் அக்காவின் ஊர். ஒன்பதாம் நாள் வசந்தி, "ஒண்ணுமே வரலக்கா," என்றாள். தெருவில் போன தயிர்க்கார அம்மாவையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார் அக்கா. அவரும் இல்லை என்றபிறகுதான் பெட்டி கிளம்பியது.

லட்டுவை உள்ளே விட்டபோது அக்கா எங்கள் வீட்டு அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது நார்த்தூளில் மெதுவாக ஊர்ந்து, தரை முழுக்க நாக்கை நீட்டிப் பார்த்து, குளிர்ந்த பக்கத்துப் பொந்துக்குள் போய்ச் சுருண்டது. "புடிச்சிருக்கா அதுக்கு?" என்று ரகசியக் குரலில் கேட்டார். "தெரியலக்கா," என்றேன். பதினேழு நாள் கழித்து லட்டு முதல் எலியைத் தின்றது. போனில் சொன்னபோது மறுமுனையில் அக்கா, "அய்ய," என்றார். பிறகு, "முழுசாத் தின்னுச்சா?" என்றார்.

எத்தனை வருடம் உயிரோடிருக்கும் என்று அவர் ஒருமுறை கேட்டது ஞாபகம் இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம்கூட இருக்கும் என்றேன். "அவ்வளவு வருஷமா!" என்று கவலைப்பட்டதுபோல் ஏதோ யோசித்தார். ஒரு நாள் நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்து, வீட்டுக்குக் காவலிருந்த என் மாமியாரிடம் அறைச் சாவி வாங்கி, பெட்டியின் கால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாயிற்று. இத்தனை வருடத் தூசும் பசையும் சும்மா விடுமா? மகள் பிடிவாதமாகத் திருச்சிக்கு அழைத்துப் போய்விட்டாள். பட்டறையை அவரிடம் வேலை பார்த்த இரண்டு பெண்கள் எடுத்து நடத்துகிறார்கள். அவர்களும் அந்த முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள்.

சென்ற மாதம் நாங்கள் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்கு மாறினோம். சாமான் ஏற்ற வந்த இரண்டு பேரும் அவசரக்காரர்கள். பீரோவை நிலையில் இடித்தார்கள், புத்தகப் பெட்டியைத் தொப்பென்று போட்டார்கள். சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். கடைசியில் லட்டுவின் பெட்டியைத் தூக்க வந்தவர்கள், அதைச் சாய்த்து அடியில் கை கொடுத்தபோது ஒருவர், "சார், இங்க ஏதோ எழுதியிருக்கு," என்றார்.

அடிப்பலகை முழுக்கப் பென்சில் எழுத்து. அவரே எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"இதில் அடுத்து கை வைக்கிறவருக்கு. இதன் உள்ளே ஒரு பாம்பு இருக்கிறது. விஷம் இல்லை, பயம் வேண்டாம். அது வயிற்றைத் தரையில் வைத்துப் படுக்கும். கரையான் மருந்து அடிக்காதீர்கள். உள்ளே வார்னிஷ் வேண்டாம். வெளியே அடித்தால் இருபது நாள் காயப்போடவும். ஓரத்துக்கு மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கான் மட்டும். பின்னால் இடது மூலை லேட்டாகக் காயும். துளைகளைத் தேய்த்திருக்கிறேன், வலை அடிக்க வேண்டாம். அவசரப்படுத்துவார்கள். கொடுக்காதீர்கள். நான் அப்போது இருக்க மாட்டேன், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

பெயர் போடவில்லை.

படித்தவர் பெட்டியை மெல்லத் தரையில் நிமிர்த்தி வைத்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "எங்க சார், காணோம்?"

லட்டு அப்போது கீழே காரில் இருந்தது. தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு, வசந்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலி என்று சொன்னேன்.

"சரி சார்," என்றார். கூட வந்தவரிடம், "டேய், உன் பக்கம் கொஞ்சம் தூக்கு. சாயாமப் புடி," என்றார். இரண்டு பேரும் ஒவ்வொரு படியிலும் நின்று, ஒருவர் மற்றவர் இறங்குவதற்குக் காத்திருந்து, அந்தக் காலிப் பெட்டியை மட்டமாகப் பிடித்தபடி மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள்.